பவித்ரன் கோர்ட்டுக்குக் கொடுத்த கேக்

தலைச்சேரி கோர்ட் வாசலில் முப்பது வருடமாக டைப் அடித்துப் பிழைக்கிறேன். சொத்துத் தகராறு, விவாகரத்து, வேலிச் சண்டை எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. ஆனால் ஒரு கேக்குக்காக மனிதன் ஆறு வருடம் படியேறியதைப் பவித்ரன் விஷயத்தில்தான் பார்த்தேன்.

ரோகிணி பேக்கரி பவித்ரனுடையது. பெயர் அவன் அம்மாவுடையது. டிசம்பர் பிறந்தால் அவனுடைய பிளம் கேக்குக்கு மாகியிலிருந்தெல்லாம் ஆள் வரும். கதவைச் சாத்திக்கொண்டுதான் கலவை போடுவான். கிராம்பு ஒரு கடையில், ஜாதிக்காய் இன்னொரு கடையில். கடைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று, கேக்குக்குச் சம்பந்தமே இல்லாத பெருங்காயத்தையும் கடுகையும் சேர்த்து வாங்குவான். அந்தப் பெருங்காயத்தைத் தீர்க்க வழி தெரியாமல் அவன் மனைவி ஷைலஜா தினமும் சாம்பார் வைத்தாள். அவளுக்கும் பக்குவம் தெரியாது. கேட்டால், "நாளைக்கே நீ கோவிச்சுக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா?" என்பான்.

வத்சன் அவன் தங்கை புருஷன். ரோகிணி பேக்கரி அடுப்படியில் பதினெட்டு வருடம் வேலை செய்தவன். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் பதினெட்டு வருடம் நிற்பவனுக்கு மூக்கு என்று ஒன்று இருக்கும் என்பது பவித்ரனுக்கு உறைக்கவே இல்லை. ஒரு நாள் வத்சன் எதிர்வரிசையில் 'நியூ ரோகிணி பேக்கரி' என்று திறந்தான். அந்த டிசம்பரில் அங்கேயும் அதே கேக், அதே மணம்.

"எங்கம்மா பேருடா அது!" என்று பவித்ரன் நடுரோட்டில் நின்று கத்தினான்.

"மச்சானே, அளியா, அவங்க எனக்கு மாமியார் இல்லையா? அவங்க பேரை நான் வைக்கக் கூடாதா?" என்றான் வத்சன்.

'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று பவித்ரன் பலகை மாட்டினான். மறுநாளே வத்சனும் அதே வாசகத்தை மாட்டினான், இன்னும் கொஞ்சம் பெரிதாக. பெயருக்கான வழக்கு இரண்டு வருடம் நடந்தது. 'நியூ' என்ற சொல்லையும் மற்ற எழுத்துகளின் அளவுக்கே எழுத வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வத்சன் ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு அரை நாளில் அதை முடித்தான். பவித்ரன் ஜெயித்துவிட்டதாக ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தான்.

அடுத்தது தொழில் ரகசிய வழக்கு. மனுவை நான்தான் அடித்தேன். அப்போது அவன் சொன்னான், "பேரு போனாப் போகட்டும், அண்ணாச்சி. அது எங்கம்மாவோடது. கேக்கு என்னோடது. நானா கண்டுபிடிச்சது. அதுவும் அவனோடதுன்னு ஆயிட்டா, நான் வெறும் ரஸ்க் விக்கிற ஆளு." எனக்கு அன்றைக்கு அவன்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. திருட்டு நடந்தது உண்மை. ஊருக்கே தெரியும்.

இரண்டு பேரும் செய்முறையை எழுதி, உண்மை என்று சத்தியம் செய்து, சீல் வைத்த உறையில் தர வேண்டும் என்றது கோர்ட். ஒரு நிபுணர் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒன்றாக இருந்தால் வத்சன் கேக் போடுவதை நிறுத்த வேண்டும். இதைவிடச் சுலபமாக ஒரு வழக்கை ஜெயிக்க முடியாது.

"ஒரு வரி மாறாம எழுதிக் குடுங்க. ஜட்ஜையும் நிபுணரையும் தவிர ஈ காக்கா பாக்காது" என்றார் பவித்ரனின் வக்கீல் ஜெயதிலகன்.

"ஜட்ஜுக்கு வீடு இல்லையா, வக்கீலே? அவர் வீட்டுல கிறிஸ்துமஸ் வராதா?"

என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சை எழுதும் பிள்ளைபோல இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினான். பின்னால் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அந்தக் கேக்கின் உயிரே கருக்கிய சர்க்கரையில் இருக்கிறது. அதைத் தண்ணீர் விட்டு அணைக்காமல், கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்த, பாலில்லாத கட்டன் சாயா விட்டு அணைப்பான். உறையில் சாயாவுக்குப் பதில் தண்ணீர் என்று எழுதினான். கிராம்பு சீரகமாயிற்று. ஆரஞ்சுத் தோல் நெல்லிக்காயாயிற்று. கீழே 'இவை அனைத்தும் உண்மை' என்று கையெழுத்தும் போட்டான்.

வத்சன் திருடன்தான். ஆனால் பயந்த திருடன். சத்தியம் செய்துவிட்டுப் பொய் எழுதினால் முத்தப்பன் சாமி சும்மா விடமாட்டார் என்று நடுங்கி, திருடியதைத் திருடியபடியே, சாயா உட்பட, எழுதிக் கொடுத்துவிட்டான்.

இரண்டு செய்முறைகளும் வேறு வேறு, வழக்கு தள்ளுபடி என்று தீர்ப்பு வந்தது. பவித்ரனுடையதில் தண்ணீரும் சீரகமும்தான் என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது.

பவித்ரன் என் கடைக்கு வந்து, பேயறைந்தவன்போல உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். வந்த இரக்கமெல்லாம் போய், அவனை நாலு அறை அறையலாமா என்றிருந்தது. வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அப்பீல் போலாம். நான் பொய்ச் சத்தியம் பண்ணினேன்னு முதல் வரியிலேயே ஒத்துக்கணும். ஜெயில்லயும் ரொட்டி சுடுறாங்க, மாஸ்டர் வேலை காலியா இருக்கான்னு கேட்டுச் சொல்லவா?" என்றார் அவர்.

நவம்பரில் வத்சனின் வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது: 'சாயா விட்டு அணைக்கும் முறை என் கட்சிக்காரருடையது. உங்களுடையது தண்ணீரும் சீரகமும் என்று நீங்களே சத்தியம் செய்திருக்கிறீர்கள். மீறி அவருடைய முறையில் கேக் செய்தால் வழக்குத் தொடுப்போம்.' ஜெயதிலகன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "சட்டப்படி இதுக்குப் பதில் இல்ல" என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அந்த டிசம்பரில் பவித்ரன் கோர்ட்டுக்குச் சொன்ன கேக்கைச் செய்தான். நான் போனபோது மாகியிலிருந்து வருடா வருடம் வரும் ஒரு டீச்சர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சேட்டா, இதுல சீரகம் வாசம் அடிக்குது?"

"டீச்சர், எதிர்க்கடையில கேளுங்க" என்றான் பவித்ரன். "அங்க நல்லா இருக்கும்."

அவர் சாலையைக் கடந்து போனார். ஐந்து நிமிடத்தில் மூன்று கேக் பெட்டிகளோடு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"அதே ருசி! உங்ககிட்ட இருந்தவர்தானே அவர்? உங்ககிட்டதானே கத்துக்கிட்டார்?"

பவித்ரன் கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தான். எதிர்வரிசையில் வத்சன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"இல்ல டீச்சர்," என்றான் பவித்ரன். "அது அவனே கண்டுபிடிச்சது."