பல்லால் கேட்ட பைப்

எனக்குக் காது கேட்காது என்று தெரிந்த பிறகுதான் ஆட்கள் என்னிடம் அதிகமாகப் பேசுகிறார்கள். அதுவும் கத்திக் கத்தி. கத்தினால் கேட்டுவிடுமா? அவர்கள் தொண்டைதான் போகும். நிதானமாக வாயைத் திறந்து சொன்னால் உதட்டைப் பார்த்துப் பாதியாவது பிடித்துக்கொள்வேன். இதைச் சொன்னால் அதற்கும் ஒரு கத்தல். தலையெழுத்து.

நான் மோட்டார் வண்டிகளுக்குப் புகைக்குழாய் மாற்றிக் கட்டுகிற மேஸ்திரி. எங்கள் கொட்டகையில் அதைப் பைப் என்றே சொல்வோம். சீமையிலிருந்து வருகிற வண்டியில் பைப்புக்கு நடுவே ஒரு சைலன்சர் இருக்கும். அதன் வயிற்றுக்குள் தகடு தகடாக வைத்துச் சத்தத்தை அடக்கியிருப்பான். இன்ஜினும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிற ஆள் மாதிரி அடங்கித்தான் ஓடும். அந்தத் தகடுகளை அறுத்தெறிந்து, வழியை நேராக்கி, நீளத்தைச் சரி பார்த்துக் கட்டினால் ஓட்டம் கூடும், வண்டிக்குக் குரலும் வரும். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டத்தைவிடக் குரல்தான் முக்கியம்.

கொட்டகை மாம்பலத்தில் இருந்தது. ஏரியைத் தூர்த்து மனை போட்டு, தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை நட்டிருந்த காலம். மனிதர்களுக்கு அது நகர். ஏரிக்கு அந்த விஷயம் தெரியாது. ஐப்பசி பிறந்தால் தண்ணீர் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜாக்கிக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே செங்கல் என்று அடுக்கி, சேற்றில் நின்றுதான் நானும் பாயும் வேலை பார்த்தோம்.

பாய் பெயிண்ட் வேலைக்காரர். மயிலாப்பூரில் பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் குடும்பம். வண்டியின் வயிறு என் பொறுப்பு, தோல் அவர் பொறுப்பு. கூட்டாகக் கொட்டகை எடுத்த நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை இல்லாத பொழுது கிடையாது. நான் அரத்தை எடுத்தால் இரும்புத்தூள் பறந்து அவருடைய ஈரப் பெயிண்டில் ஒட்டும். அவர் பெயிண்டைப் புகையாக அடித்தால் எனக்குத் தலை சுற்றும்.

"நைனா, உன் கொல்லன் பட்டறைய அப்பால தள்ளிக்கினு போ" என்பார்.

"நீ மொதல்ல உன் சாராயக் கடைய மூடு பாய்" என்பேன். சாராயத்தைக் கண்ணால் பார்க்காத மனுஷர். அதனாலேயே அப்படிச் சொல்வேன்.

அவருடைய மெருகு அப்படிப்பட்டது. ஈரக் காகிதத்தால் தேய்த்து, பாலிஷ் பூசித் துணியால் தேய்த்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் தேய்ப்பார். துணிக்குத் தெரியாத மேடுபள்ளம் கைக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. தேய்த்துத் தேய்த்து விரல்களில் ரேகையே போய்விட்டது. ரிஜிஸ்தர் ஆபீசில் ஏதோ பத்திரத்துக்குக் கைநாட்டு வைக்கப் போனார். கட்டைவிரலை எப்படி உருட்டினாலும் வெறும் மைத்திட்டுதான் விழுந்ததாம். "நான் நான்தான்னு சொல்றதுக்கு ஒரு விரல்கூட இல்ல நைனா" என்று வந்து சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது காது கேட்டது.

பைப் வேலைக்காரர்களிடம் ஒரு வீம்பு உண்டு. காதில் பஞ்சு வைக்கக்கூடாது. இன்ஜினை முடுக்கிவிட்டு, பைப்பின் வாய்க்கு நேர் பின்னால் குந்திக்கொண்டு வெறுங்காதால் கேட்கவேண்டும். ஒரு விரற்கடை அறுத்தாலும் குரல் மாறும். பஞ்சு வைத்தவனுக்கு அது பிடிபடாது. "பஞ்சு வெச்சுக்கினு பைப் பாக்கறவன், கண்ணைக் கட்டிக்கினு ஊசி கோக்கறவன்" என்பது பட்டறைப் பேச்சு. நான் தொழில் பழகிய இடத்தில் ஒருத்தர் பஞ்சு வைப்பார். அவரை 'பஞ்சு மேஸ்திரி' என்று கூப்பிட்டே மானத்தை வாங்கினார்கள். நானும் கூப்பிட்டேன். சாகிற வரைக்கும் அந்த மனுஷருக்குக் காது கேட்டது.

மந்தைவெளிக்குப் பக்கத்தில் எனக்கு வீடு. வீட்டில் பெண்டாட்டியும் ஒரே ஒரு பெண் குழந்தையும். குழந்தைக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. காது கேட்கும். கூப்பிட்டால் திரும்பும், தட்டுச் சத்தம் கேட்டால் சோற்றுக்கு ஓடிவரும். வாய்தான் திறக்கவில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவினோம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். குழாயடியில் ஒருத்தி 'ஊமச்சி' என்று சொல்லிவிட்டாள். என் பெண்டாட்டி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணு பேசும்டி. அது பேசற அன்னிக்கி உன் வாய் அடைச்சுப் பூடும், பாத்துக்கினே இரு" என்று சாபம் விட்டாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

சாயங்காலம் கை கழுவியதும் குழந்தையை மடியில் வைத்து, "அப்பா சொல்லு, அப்பா" என்பேன். அது என் மூக்கைப் பிடித்து விளையாடும். எனக்கு அந்த நாளில் வேறு ஆசையே கிடையாது. அது ஒரு வார்த்தை பேசவேண்டும், அதை நான் கேட்கவேண்டும். எல்லா அப்பனுக்கும் சும்மா கிடைக்கிறதுதானே? பெரிதாக என்ன கேட்டுவிட்டேன்!

அந்த வருஷம்தான் அடையாற்றுக்கு அந்தண்டை பங்களாவிலிருந்து ஜமீன் வீட்டு இளையவர் வந்தார். இரண்டு பேர் மட்டும் உட்காருகிற பந்தய வண்டி. கப்பலிலிருந்து இறங்கி அதிக நாள் ஆகவில்லை. நீளமான மூக்கு, தாழ்ந்த முதுகு. பார்த்ததும் நானும் பாயும் அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தோம்.

"நான் பாலத்துல ஏறினா மயிலாப்பூர்ல கேக்கணும் மேஸ்திரி" என்றார் அவர். பாய் பக்கம் திரும்பி, "பாய், உங்க பெயிண்டுல முகம் பார்த்து நான் சவரம் பண்ணிக்கணும்" என்றார்.

"தாடி வளர்த்துக்கினு வாங்க தம்பி" என்றார் பாய்.

வேலை தொடங்கியது. நாலு சிலிண்டருக்கும் நாலு தனிக் குழாய். இன்ஜின் மூடிக்கு வெளியே பக்கவாட்டில் கொண்டுவந்து, ஒன்றாகச் சேர்த்து, கடைசியில் மீன்வால் மாதிரி விரிந்த வாய். பாய் அதற்கும் சண்டைக்கு வந்தார். "என் பெயிண்டுக்குப் பக்கத்துல உன் கொள்ளிக்கட்டையக் கொண்டாராத. கொப்பளம் கெளம்பும்." நாலு விரல் இடைவெளி விட்டு வளைத்துத் தருகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

குழாய்களை அறுத்து வைத்துவிட்டேன். இன்னும் ஒன்றாகப் பற்றவைத்து இணைக்கவில்லை. அந்த நேரத்தில் ஒரு நாள் லஸ் முனையில் தெருவைக் கடந்தேன். யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். மூக்குக்கு முன்னால் டிராம் வண்டி நகர்ந்து போனது. ஓட்டுகிறவன் காலால் மணியை மிதித்துக்கொண்டே என்னைத் திட்டினான். மணியின் மேல் அவன் கால் ஏறி இறங்குவது தெரிந்தது. மணி கேட்கவில்லை. அவன் திட்டியதும் கேட்கவில்லை. அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

காதில் கொஞ்ச நாளாக 'ஙொய்' என்று ஒரு வண்டு பாடிக்கொண்டுதான் இருந்தது. வேலைக்காரன் காது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இரண்டு கம்பியுள்ள ஒரு கவையைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். கேட்கிறதா என்று கையால் கேட்டார். எலும்பில் ஒரு குறுகுறுப்பு தெரிந்தது, அவ்வளவுதான். போனது வராது என்றார். இருக்கிறதைக் காப்பாற்ற வேண்டுமானால் சத்தத்துக்குப் பக்கத்தில் போகாதே, இன்றைக்கே வேலையை விடு என்றார். பக்கத்தில் குனிந்து சொன்னதால் அது எனக்கு நன்றாகவே கேட்டது.

பாயிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டார். "உட்ரு நைனா. பைப்பு பூட்டா வேற பைப்பு. காதுக்கு இன்னா, ஸ்பேரா வெச்சுக்கினு கீறே?"

"நாலு குழாயும் அறுத்தாச்சு பாய். இன்னொருத்தன் வந்து அதுல கைய வெப்பானா?"

"வெக்கட்டும்! நாறட்டும்! உனக்கின்னா?"

வீட்டில் அதைவிட மோசம். பெண்டாட்டி கத்தவில்லை. குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, என் காதருகில் வாயை வைத்து, "நாளைக்கு இது பேசச்சொல்ல நீ இன்னாத்தய்யா கேப்பே?" என்றாள்.

ஆனாலும் மறுநாள் போனேன். தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அறுத்து வைத்த பைப்பை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கு மேஸ்திரி என்று பெயர் எதற்கு? இந்த ஒன்று, இதோடு சரி என்று அவளிடம் குழந்தை தலையில் கை வைத்துச் சொன்னேன். அவள் என் கையை எடுத்து அப்பால் தள்ளினாள்.

முதல் தடவையாகப் பஞ்சு வைத்தேன். பற்றவைத்து முடித்து இன்ஜினை முடுக்கினால் ஒன்றுமே தெரியவில்லை. பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன். அப்போதும் அடி வயிற்றில் ஒரு முழக்கம் தெரிந்ததே தவிர, மேலே கிளம்பவேண்டிய சீறல் எனக்கு எட்டவில்லை. பாயைப் பைப்புக்குப் பின்னால் நிற்கவைத்து, "இன்னா மாதிரி கீது?" என்று கேட்டேன். அவர் யோசித்து, என் காதருகில் வந்து, "உன் மாமியா கோவமா வெத்தல இடிக்கிற மாதிரி கீது" என்றார். அடுத்து ஒரு விரற்கடை அறுத்தேன். "இப்ப?" "இடிச்சு முடிச்சிட்டு உன்னத் திட்டற மாதிரி கீது." இந்த லட்சணத்தில் எப்படிப் பைப் பார்ப்பது? சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் எலும்பில் வைத்த கவை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீளத் திருப்புளி ஒன்றை எடுத்தேன். நுனியைப் பைப்பின் மேல் ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கடைவாயிலிருந்து மண்டை வரைக்கும் இன்ஜின் ஓடியது! நாலு சிலிண்டரில் எது தாளம் தப்புகிறது என்பதுகூடப் பல்லில் தெரிந்தது. வேறொரு வண்டியில் நான் முன்னால் கட்டிய நல்ல பைப் ஒன்றையும் ஓடவிட்டு, இதே மாதிரி கடித்துப் பார்த்து அதன் அதிர்வை மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு இதை அறுத்தேன், கடித்தேன், அறுத்தேன், கடித்தேன். ஈறில் ரத்தம் வந்தது. ஒரு மத்தியானம் அந்தப் பொடிப்பொடி நடுக்கம் நின்று, எல்லாம் சேர்ந்து ஒரே இழையாக ஓடியது. நிமிர்ந்து பார்த்தால் பாய் மார்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். "வந்துருச்சு நைனா" என்று அவர் உதடு சொன்னது.

பிறகு அவர் மெருகு போட்டார். அரக்குச் சிவப்பு. தூசி கிளம்பாமல் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, என்னைக் கிட்டவே சேர்க்காமல், உள்ளங்கையால் தேய்த்தார். முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். கதவில் எதிர் மரமும் வானமும் இருந்தன. நடுவில் நான் நின்றேன். வாய் வீங்கிய ஒரு கிழவன் மாதிரி இருந்தேன்.

இளையவர் வந்து வண்டியை எடுத்தார். மரத்திலிருந்த காக்கை அத்தனையும் கிளம்பியது. எதிர்மனையில் கட்டியிருந்த மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பாய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஆனந்தமாகக் கத்தினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் யாரோ அம்மிக்கல்லை நகர்த்துகிற மாதிரி எனக்கு ஏதோ எட்டியது. நான் கட்டியதிலேயே நல்ல பைப் அதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அம்மிக்கல்லும் நின்றுபோனது. வண்டு மட்டும் இன்னும் பாடுகிறது. கொட்டகைக்குப் போவதை விட்டேன். விட்டு என்ன?

இளையவர் தினம் சாயங்காலம் பாலம் ஏறி மயிலாப்பூர்ப் பக்கம் வருவார். சத்தம் வரும்போதெல்லாம் என் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், "அப்பா வண்டி, அப்பா வண்டி" என்று காட்டுவாளாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் நான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை கையிலிருந்த சொப்பைப் போட்டுவிட்டுச் சட்டென்று தலையைத் தூக்கியது. வாசலுக்கு ஓடியது. அங்கிருந்து என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டை ஒட்டிப் பிரித்தது. மறுபடியும் ஒட்டிப் பிரித்தது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. சோற்றுக் கையோடு அப்படியே இருந்தேன். அடுப்படியிலிருந்து அவள் ஓடிவந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள். அழுகிறாள், சிரிக்கிறாள், என்னை நோக்கி விரலை நீட்டி நீட்டிக் காட்டுகிறாள். அப்பாதான். என்னைத்தான்.

கையைக் கழுவாமலே குழந்தையை வாங்கினேன். அதன் உச்சந்தலையில் என் மோவாயை அழுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அது மறுபடியும் சொன்னது. பல்லில் மெல்லிய நடுக்கம் ஒன்று வந்து போனது. எந்த சிலிண்டர் தப்புகிறது என்று சொல்லத் தெரிந்த பல்லுக்கு அந்தக் குரல் எப்படிப்பட்டது என்று சொல்லத் தெரியவில்லை.

"கொரல் எப்டிமே கீது?" என்று கேட்டேன்.

அவள் என் எதிரில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.