சித்தியின் பன்னிரண்டு வோல்ட்டு மோட்டர்

அப்பாவுக்குப் பழுதுபார்க்கத் தெரியாத பொருள் எங்கள் தோட்டத்தில் இல்லை. அவர் கைபட்ட பிறகு ஓடிய பொருளும் அதிகம் இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். லோரி எஞ்சினையே அடக்கியவனுக்கு ரேடியோவும் மின்விசிறியும் எம்மாத்திரம் என்பது அவர் எண்ணம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆரம்பப் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த சமயம், அம்மாவின் தங்கை எங்களோடு செலண்டாரில் இருந்தாள். விடியுமுன்பே தொழிற்சாலை பஸ் ஏறி மலாக்காவுக்குப் போய், வீட்டுச் சாமான்களுக்கான சின்ன மோட்டர்களைப் பாகம் பாகமாகப் பூட்டும் வேலை செய்தாள். அங்கே டெக்னீஷியன் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு மாதம் பினாங்கில் தங்கிப் படிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டிய விண்ணப்பப் பாரம் மூன்று வாரமாக அலமாரியில் கிடந்தது. "பொம்பளப் பிள்ளைக்கு மோட்டர் படிப்பு என்னாத்துக்கு?" என்று அப்பா அதை ஒதுக்கிவிட்டார்.

ஈரத்தலையோடு பஸ் ஏறி அடிக்கடி தலைவலி வந்ததால், சித்தி மலாக்காவின் பாச்சாங் கடைத்தெருவில் ஒரு ஹேர் டிரையர் வாங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது சட்டென்று நின்றுபோனது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

திருகாணிகளைக் கழற்றிப் பிரித்தார். முன்பக்கத்துச் சூட்டுக் கம்பி அறுந்திருந்தது. பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிய மோட்டர். அதைத் தனியாக எடுத்து, "இத வச்சு பாப்பாவுக்கு ஒரு மேச பேன் செஞ்சுருவோம்" என்றார். பாப்பா நான்தான்.

சித்தி பதறிப்போய், "அத்தான், அத நேரா சுவத்து கரண்டுல குடுக்காதீங்க. அது பன்னெண்டு வோல்ட்டு மோட்டர்" என்றாள்.

"சுவத்துல வர்றதே இருநூத்தி நாப்பது. பன்னெண்டுக்கு எவனாச்சும் செய்வானா?"

"கையில தூக்கிப் பிடிக்கிற சாமான்லா. இருநூத்தி நாப்பதுக்குச் செய்யணும்னா முடி மாதிரி கம்பிய எடுத்து எக்கச்சக்கமா சுத்தணும். பெருசாயிரும், வெலயும் ஏறிரும். அதான் சின்னதா வச்சு, மிச்ச வோல்ட்ட சூட்டுக் கம்பியே தின்னுற மாதிரி செய்றாங்க. அந்தக் கம்பி அறுந்துதான் மோட்டரும் நின்னுருச்சு."

சொன்னதோடு நிற்காமல், டார்ச்லைட்டிலிருந்து இரண்டு பேட்டரிகளை எடுத்து மோட்டரில் தொட்டுக் காட்டினாள். விர்ரென்று சுழன்றது. நான் கைதட்டினேன்.

அப்பாவுக்கு அதில் வேறு நியாயம் தெரிந்தது. "ரெண்டு பேட்டரிக்கே இந்த ஓட்டமா? அப்ப கரண்டு குடுத்தா பறக்கும் பாரு!"

மோட்டரில் ஒயரை முறுக்கினார். சித்தி போய், அணைக்கத் தோதாகச் சுவர் சுவிட்சின் மேல் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஒயரைச் சொருகியதும் படீரென்று நீலமாக ஒரு வெளிச்சம். அப்பா பின்னால் சாய்ந்து விழுந்தார். அவர் விழுமுன்பே சித்தி சுவிட்சை அணைத்திருந்தாள். வீடு முழுக்க கருகல் நாற்றம். எங்கள் லயத்து வரிசையில் ஆறு வீடுகளிலும் டிவி படம் பாதியில் நின்றது.

"யாரு வீட்டுல வெடிச்சுச்சு?" என்று பக்கத்து வீட்டு அத்தை வாசலுக்கே வந்துவிட்டார். பின்னால் பாதி லயமே நின்றது.

அப்பா தரையிலிருந்து எழப் பார்த்தார்.

"என் மெஷின்தான் அத்தை. நான்தான் தெரியாம சொருகிட்டேன்" என்றாள் சித்தி.

பச்சைப் பொய்! நான் திருத்தப் போனேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

கூட்டம் கலைந்ததும் சித்தி அப்பாவின் கையைப் பிடித்து, விரல் விரலாக விரித்துப் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் பியூஸ் மாற்றி விளக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, "எப்பம்மா போவணும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரண்டைப் போக்கிய குற்றத்துக்காகச் சித்தியை ஊரைவிட்டே அனுப்புகிறார்கள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். பஸ் நிறுத்தத்தில், வழியனுப்ப வந்த அத்தனை பேர் முன்னிலையிலும் வெடித்துவிட்டேன். "அப்பாதானே வெடிக்க வச்சாரு! சித்திய எதுக்கு அனுப்புறீங்க?"

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அப்பா யாரையும் பார்க்காமல் அவள் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தார்.

வீடு வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே வரும்போது அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செய்த தப்பை நினைத்து அழுகிறார் என்று முடிவுகட்டி, போனால் போகிறதென்று என் கையை அவரிடம் கொடுத்தேன்.