கை மாறிய காப்பு

சுனாமி வந்தது மார்கழியில். அந்த வருஷம் பங்குனியிலேயே என் வீட்டில் அலை அடித்துவிட்டது. என் வீட்டுக்காரர் நெஞ்சில் நீர் கோத்துப் படுத்த படுக்கையாகிவிட்டார். மருந்து கொடுக்கலாம், அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை என்று மதுரை டாக்டர் சொல்லி அனுப்பினார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் இதை எழுதுகிறேன். ஆத்தாளை நம்புகிற நீங்கள் பொறுமையாகப் படியுங்கள்.

ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது; தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வாழைக்குலைப் படம் போட்ட லேபிள். லோடு தூத்துக்குடிக்குப் போகும், அங்கே கப்பல் ஏறும். எந்த நாட்டுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. பம்பாய் வியாபாரி சொன்னதுதான் விலை.

எங்கள் ஒரே மகள் செல்வி. காலம் கடந்து பிறந்தவள். பி.காம். முடித்துவிட்டு, உலகப் பொருளாதாரமும் வெளிநாட்டு வாணிபமும் சொல்லித்தருகிற மேல்படிப்புக்குச் சென்னையில் ஒரு கல்லூரிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அப்பா பிழைக்க வேண்டும் என்று விருதுநகர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து, கையில் காப்பும் கட்டியிருந்தாள். காப்புக் கட்டியவர்கள் கோயிலின் பங்குனிப் பொங்கல் முடியும் வரை ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தீச்சட்டி எடுக்கிற அதே நாளில்.

"நான் போகலம்மா. அப்பாவ விடப் படிப்பா பெருசு?" என்று அவள் அழுதாள்.

கட்டிலில் இருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். "ஏ பாக்கியம், இத்தன வருசமா பெட்டி அனுப்புதேன். அது எந்த நாட்டு அடுப்பப் பத்த வைக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஒம்மகளாவது தெரிஞ்சுக்கிடட்டும். அனுப்பி வையி."

பூசாரியிடம் ஓடினேன். "காப்ப அவுத்துப் போடக் கூடாது தாயி. பெத்தவ கைக்கு மாத்திக்கிடலாம். ஆனா தீச்சட்டிய நீங்கதான் எடுக்கணும். எடுப்பீகளா?" என்றார்.

"ஏன், என் கையி என்ன பஞ்சுலயா செஞ்சிருக்கு?" என்றேன்.

காப்பு என் கைக்கு வந்தது. செல்வி ரயில் ஏறினாள்.

தீச்சட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். "தீச்சட்டியெல்லாம் எடுக்கப் போறீகளாம்ல! ஆத்தா உங்களப் பாத்துப் பயந்துக்கிடப் போறா!" என்று கேலியாக மரியாதை வைத்துச் சிரித்தார். இருமல் அடங்கியதும், "எனக்குன்னு கேக்காத. அவளுக்குக் கேளு. ஒனக்குத்தான் யார்கிட்டயும் ரெண்டு தடவ கேட்டுப் பழக்கமில்லையே" என்றார்.

உண்மைதான். ஒரு கை உப்புக்குக்கூட நான் பக்கத்து வீட்டுப் படி ஏறியதில்லை. அதில் எனக்குப் பெருமை.

மறுநாள் சட்டியோடு சன்னதியில் நின்றேன். வேப்பிலையைத் தாண்டிக் கையில் சூடு ஏறியது. "எம்மகளுக்கு வழி விடு ஆத்தா" என்றேன். இன்னொன்று நெஞ்சுக்குள் முட்டியது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். மேலும் மேலும் கேட்டு நிற்கிறவளா நான் என்று நகர்ந்துவிட்டேன்.

செல்வி திரும்பி வந்து சொன்னாள். இங்கிலீஷில் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். அப்புறம் ஒருவர், உங்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாராம். குச்சி எங்கிருந்து வருகிறது, பெட்டி எந்தத் துறைமுகம் போகிறது, விலையை யார் சொல்கிறார்கள், ஏன் எங்களால் சொல்ல முடியவில்லை என்று மடமடவென்று பேசிவிட்டாளாம். எந்த நேரம் என்று கேட்டேன். நான் சன்னதியில் நின்ற நேரம். எனக்கு மயிர் கூச்செறிந்தது.

சித்திரையில் இடம் கிடைத்தது. அவர் காதால் கேட்டார். ஆனியில் அவள் விடுதிக்குப் போனாள். ஆடியில் அவர் போய்விட்டார்.

ஒன்றைக் கேட்டேன். அந்த ஒன்றை ஆத்தா முழுசாகக் கொடுத்தாள். குறை அவளிடத்தில் இல்லை. கேட்டிருந்தால் அவரைக் கொடுத்திருப்பாளா? தெரியாது. கேட்கவில்லை என்பதுதான் தெரியும். அது இன்னும் அறுக்கிறது.

ஆபீஸை அவர் தம்பி எடுத்து நடத்தினார். படிப்பு முடிந்து செல்வி ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தாள். வேலையாக ஆப்பிரிக்கா போன இடத்திலிருந்து ஒரு நாள் போன் செய்தாள்.

"அம்மா, இங்கன ஒரு சின்னக் கடையில நிக்கேன். வாழைக்குலை இருக்கும்மா! சித்தப்பா அனுப்புற நம்ம பெட்டி. ஒரு அம்மா ரெண்டு வாங்கிட்டுப் போறாக, அடுப்புப் பத்த வைக்க."

அவர் படத்துக்கு முன்னால் நின்று, செல்வி சொன்ன அந்த நாட்டின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். வாயில் சரியாக நுழையவில்லை. திரும்பச் சொன்னேன்.

இரண்டாவது தடவை வாய் திறக்க மாட்டேன் என்ற என் வீம்பு அன்றோடு போய்விட்டது. இப்போது பங்குனிதோறும் சன்னதியில் நெடுநேரம் நிற்கிறேன். விடியுமுன் பஸ் ஏறி நாரணாபுரம் பட்டாசு ஆபீசுக்குப் போகிற பிள்ளைகள் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேர வேண்டும் என்று, எனக்குப் பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

நீங்களும் ஆத்தாளை நம்பிப் போங்கள். வழி விடுவாள், நான் கண்டவள். போனால் ஒன்றோடு திரும்பிவிடாதீர்கள். பின்னால் நிற்கிறவர்கள் தள்ளினால் தள்ளட்டும். காலை ஊன்றி நின்று, "இன்னொன்னும் இருக்கு ஆத்தா" என்று சொல்லுங்கள்.