நடுக்கொல்லையில் ஓர் எல்லைக்கல்

எங்கள் ஊர்ச் சாலையோர மின்கம்பத்தடியில் இன்று காலையும் ஒரு குண்டு கிடந்தது. பீரங்கியில் போட்டுச் சுடுவார்களே, அந்தக் குண்டுதான். பள்ளிக்கூட பஸ் அதன் அருகில் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. ரொட்டி வண்டிக்காரர் அதைத் தாண்டும்போது எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார். பிரான்சின் வடக்கு மூலையில், உருளைக்கிழங்கு விளையும் இந்தப் பக்கத்தில் இது அன்றாடச் சங்கதி. நூறு வருஷத்துக்கு முந்திய போரில் வெடிக்காமல் மண்ணுக்குள் புதைந்தவை ஒவ்வோர் உழவுக்கும் மேலே வருகின்றன. தொடக்கூடாது என்பது சட்டம். ஆனால் பழைய விவசாயிகள் அதைத் தூக்கிக் கம்பத்தடியில் வைத்துவிட்டு ஊர் மன்றத்துக்கு ஒரு போன் போடுவார்கள். தெமினேர் எனப்படும் வெடிகுண்டு அகற்றுகிறவர்கள் சாவகாசமாக வந்து எடுத்துப் போவார்கள். குப்பை வண்டி ஒருநாள் வராவிட்டால்தான் இந்த ஊர் பதறும்.

எனக்கு இது இன்னும் பழகவில்லை. செந்துறைக்குப் பக்கத்து மானாவாரிக் கொல்லையில் பிறந்து, இந்திய ராணுவத்துக்குப் போய், எல்லையில் வருஷக்கணக்காகக் கண்ணிவெடிக்குப் பயந்து, காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து நடந்தவன் நான். முன்னால் போகிறவன் மிதித்த இடத்தில்தான் மிதிக்க வேண்டும். தரையில் கிடக்கும் எதையும் தொடக்கூடாது. ஓய்வு பெற்றபோது, இனிமேல் தரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். என் மனைவி கலாவுக்குக் காரைக்கால். அவள் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்ததால் அந்தக் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. அப்படித்தான் இங்கே வந்தோம். அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நான் பெர்னார் என்கிற பெரியவரின் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு அவர் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தேன். உருளையும் எஷலோத்தும் போடுகிறேன். எஷலோத்தைப் பெரம்பலூர் சந்தையில் கொட்டினால் சின்ன வெங்காயத்துக்கு அண்ணன் என்பார்கள். உலகத்தில் இவ்வளவு மண் கிடக்க, குண்டு விளைகிற மண்ணாகப் பார்த்து வந்து சேர்ந்திருக்கிறேன்.

முதல் வருஷம் கலப்பையில் ஏதோ ணங்கென்று இடித்ததும் டிராக்டரிலிருந்து குதித்துக் குப்புறப் படுத்துவிட்டேன். பெர்னார் ஓடி வந்தார். முதுகு பிடித்துக்கொண்டது என்று நினைத்திருக்கிறார். மறுநாள் ஒரு தைலம் வாங்கிக் கொடுத்தார். அதை விளக்குமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. மெர்சி என்று நன்றி சொல்லித் தேய்த்துக்கொண்டேன்.

போன வசந்தத்தில் அப்பா வந்தார். கிழங்கு நடவு நேரம். மங்கி குல்லா, ஸ்வெட்டர், கைலிக்குள்ளே கம்பளிப் பேண்ட் என்று கோலமாக, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த களைக்கொத்தோடு தினமும் என் பின்னால் வந்துவிடுவார். சும்மா உட்காரச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் உழும்போது பந்து பந்தாகக் கல் கிளம்பும் என்பது அங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். ஒருமுறை வெளியூரிலிருந்து காலேஜ்காரர்கள் வந்து, இவையெல்லாம் ஏதோ ஆதிகால மிருகத்தின் முட்டையாக இருக்கலாம் என்று சொல்லிப் போனார்கள். அன்றிலிருந்து உருண்டைக் கல் எது கிடைத்தாலும் அப்பா கழுவி, தட்டிப் பார்த்து, வரப்பில் வரிசையாக வைப்பார்.

அவரிடம் குண்டு விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே என்னையும் சேர்த்துக் கிளப்பிவிடுவார். ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் தூக்கம் போய்விடும். உழுத இடத்தையெல்லாம் நானே கண்ணால் அலசிவிட்டேன், போதும் என்று இருந்தேன்.

ஒருநாள் டிராக்டரைத் திருப்பும்போது பார்த்தேன். வயலின் நடுவில் அப்பா குத்தவைத்திருந்தார். இரண்டு பாதங்களுக்கும் நடுவே மண் அப்பிய ஓர் உருண்டை. பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, களைக்கொத்தின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினை அணைத்தேன். அந்த அமைதியில் தட்டுகிற சத்தம் கேட்டது. கல்லின் சத்தம் இல்லை. இரும்பின் சத்தம்.

"தம்பி, நம்மூரு கல்லு இங்கயும் கெடக்குதுடா. கனம்தான் சாஸ்தி." அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார்.

கத்தினால் பதறிப் போட்டுவிடுவார். குண்டு என்று சொன்னாலும் போட்டுவிடுவார். கீழே வை என்று மகன் உத்தரவு போட்டு அப்பா கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. எத்தனையோ பேருக்கு உத்தரவு போட்ட என் குரல் அவரிடம் செல்லாது. அப்போதுதான் அந்தப் பொய் வந்தது. ஒரு சாண் நகர்ந்த எல்லைக்கல்லுக்காகத் தன் சித்தப்பா குடும்பத்தோடு இன்றுவரை பேசாதவர் அவர்.

"அப்பா, அது எல்லைக்கல்லுப்பா. பெர்னாரோடது. எடுத்த எடத்துலயே வச்சிருங்க, மெதுவா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அய்யய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று அப்படியே உட்கார்ந்து, அது கிடந்த பள்ளத்தைத் தேடி, உறங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல வைத்தார். நான் மூச்சு விட்டேன். அவருக்குத் திருப்தி இல்லை. எந்தப் பக்கம் மேலே இருந்ததென்று யோசித்து, மறுபடி கையில் எடுத்துத் திருப்பி வைத்தார். எல்லையில் இருந்தபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

போன வழியிலேயே மிதித்து வரச் சொன்னேன். கிட்டே வந்ததும் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா இப்படி இறுக்கிப் புடிக்கிற?"

"ஈர மண்ணுப்பா, வழுக்கும்."

வீட்டுக்கு வந்தும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் பெர்னார் வீட்டு வாசலில் போய்க் கைகூப்பி நின்றார். "தெரியாம தொட்டுட்டேங்க. ஒரு விரக்கடை நவுத்தலைங்க." பெர்னார் என்னைப் பார்த்தார். வயலில் ஒரு குண்டு, அப்பா கையில் எடுத்துவிட்டார் என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கி, "பா க்ராவ்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அப்பாவுக்குக் காபி கொடுத்தார். "பெரிய மனுசன்டா, கோவிச்சுக்கவே இல்ல," என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் தெமினேர்கள் வந்து அதை எடுத்துப்போனபோது, நல்லவேளை, கலா அவரைக் கடைக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

இப்போது செந்துறையிலிருந்து போன் பேசும்போதெல்லாம், "அந்த எல்லைக்கல்ல யாரும் நவுத்திடலையே?" என்று கேட்கிறார். அப்படியே இருக்கிறது என்கிறேன். சென்ற மாதம், "ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு. எல்லைய மதிக்கிறவன் ஊரு எப்படி இருக்கும்னு பங்காளிங்க பாக்கட்டும்," என்றார். வேறு வழியில்லாமல் சுண்ணாம்பு மண்ணில் கிளம்பிய ஓர் உருண்டைக் கல்லைத் தேடி எடுத்து, கழுவி, அந்த இடத்தில் பாதி புதைத்துப் படம் பிடித்தேன். பிறகு எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இன்னும் எடுக்கவில்லை. பெர்னார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, எதற்கும் எதற்கும் நடுவில் இது என்று கேட்டார். இரண்டு பக்கமும் அவர் நிலம்தான், என் குத்தகைதான். உழும்போது அந்த இடம் வந்தால் கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதைச் சுற்றிப் போகிறேன்.