மேகமலை பார்க்க வந்த மாமா

அப்பா சாமி கும்பிட மாட்டார். அம்மாவும் நானும் கோயிலுக்குள் போனால், செருப்புகளுக்குக் காவலாக வெளியே நின்று பேப்பர் படிப்பார். அதனால்தான், திருச்சியிலிருந்து வந்திருந்த தன் கல்லூரிச் சினேகிதரைக் காட்டி, "இவனுக்கு நம்ம பக்கத்துக் கோயிலெல்லாம் காட்டிட்டு, மேகமலை ஏரிக்கும் போய்ட்டு வாரேன்" என்று அவர் சொன்னபோது அம்மா வாயைப் பிளந்தாள்.

"அவுக கோயிலுக்கா போறாக?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அப்போது எனக்கு எட்டு வயது. சினேகிதரை மாமா என்று கூப்பிடச் சொல்லி, என்னையும் வாடகை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

முதலில் குச்சனூர் சனீஸ்வரன் கோயில். மாமா காக்கைகளைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, எள்விளக்கு வாங்கி ஏற்றியது அப்பாதான். பழக்கமில்லாத கையில் தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டதும், மாமா யோசிப்பதற்குள், "கேட்டை" என்றார் அப்பா. பெற்ற மகளான என் நட்சத்திரம் அவருக்குத் தெரியாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சின்னமனூர் தாண்டி மலை ஏறினோம். காது அடைத்தது. மேலே தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ஏரி தெரிந்தது. ஆனால் அப்பா நேராக அங்கே போகவிடவில்லை. எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் டிரைவரிடம். கொஞ்சம் தள்ளி இருந்த மாதா கோயிலிலும் இறங்கி மெழுகுவர்த்தி கொளுத்தினார். எப்படிக் கும்பிடுவதென்று தெரியாமல் முழங்காலிடப் போய், பாதியில் எழுந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை.

ஏரிக்கரையில் அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைப் பிரித்தோம். மாமா தொடவேயில்லை.

"சாப்பிடுடா" என்றார் அப்பா.

"நல்லாத்தான்டா இருந்தேன். நீ கும்பிடுறதப் பாத்த பெறகுதான் எனக்கே பயம் வந்திருச்சு" என்றார் மாமா.

அப்பா அவர் முதுகில் கை வைத்தார். பிறகு இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அப்பா கண்ணைத் துடைத்தார். சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜீப்புக்குத் திரும்பும்போது அப்பாவின் சட்டையை இழுத்து, "மாமாவுக்கு எதப் பாத்துப்பா பயம்?" என்றேன்.

"இந்த வளைவுகளப் பாத்துத்தான் தாயி. எறங்கணும்ல?"

அப்பாடா, இவ்வளவுதானா! மாமாவை ஒட்டி உட்கார்ந்து, "கண்ண மூடிக்கங்க மாமா, நான் இருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை மாதிரி அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு வளைவு முடியும்போதும், "இது போயிருச்சு" என்றேன்.

"இன்னும் இருக்கா?"

"கொஞ்சந்தான் மாமா."

மறுநாள் மதுரையில் அவருக்கு இதய ஆபரேஷன் என்பதும், அதிலிருந்து அவர் பிழைத்து வந்தார் என்பதும் வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தன. அன்று அடிவாரம் வந்ததும், "கண்ணத் தெறங்க மாமா, இனிமே பயமில்ல" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். கையை மட்டும் விடவில்லை. ரோடுதான் நேராகிவிட்டதே, இன்னும் ஏன் பிடித்திருக்கிறார் என்று யோசித்தபடியே வீடு வரை வந்தேன்.