என் வரிகளுக்கு விட்ட இடம்

கல்பிட்டியில் நாங்கள் மூன்று தோழிகள் சேர்ந்து நடத்திய பாட்டுக் குழுவில் ராப் என்னுடைய பகுதி. கல்யாணமாகி முந்தலுக்கு வந்தபின் நான் விட்டுவிட்டேன். மற்ற இருவரும் கொழும்பில் பாடிப் பெயரெடுத்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவர்கள் எங்கள் பழைய பாட்டொன்றைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பாடினார்கள். கணவர் இறால் பண்ணைக்குப் போயிருந்தார். பிள்ளை மடியில் தூங்கியதால் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். என் ராப் வரவேண்டிய இடத்தில் இருவரும் மைக்கை இறக்கிவிட்டுச் சும்மா நின்றார்கள். தாளம் மட்டும் ஓடியது.

என்னை வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். கேட்பதா வேண்டாமா என்று குழம்பி, பின்னேரம்தான் அவர்களில் ஒருத்தியான ஷெரினுக்கு அழைத்தேன்.

“என்ட பகுதிய ஏன்டி வெட்டினீங்க?”

“விசரி! வெட்டினா அடுத்த வரிக்குப் போயிருப்பமே. டிவிக்காரங்க உன்ட இடத்துக்கு வேற ஆளப் போடச் சொன்னாங்க, நாங்க மாட்டம் எண்டுட்டம். நீ வீட்ட இருந்து பாடுவாய் எண்டுதான் நிண்டம். பாடினியா?”

“ஓம்” என்றேன்.

உண்மையில் நான் வாயே திறக்கவில்லை. பிள்ளை எழும்பிவிடும் என்ற பயம். மெதுவாகவாவது பாடியிருக்கலாமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். அத்தனை பேர் முன்னால் இரண்டு பேர் எனக்காக வாய்மூடி நின்றார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து மௌனமாக இருந்துவிட்டேன்.