சூடானுக்குப் போகாத ஆடு

சவுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்த காலத்தில் என் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன நான். இன்னொன்றில் ஒரு சூடான்காரி. நான் ஆசையாகப் பிசைந்து கொடுத்த தயிர்சாதத்தை ஒரு வாய் தின்றுவிட்டு, "இதை எந்த நோயாளிக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டவள். அப்படித்தான் சிநேகமானோம்.

மகளின் படிப்புக்காக நான் ஊர் திரும்பி மன்னார்குடியில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். அவளும் தன் ஊருக்குப் போய்விட்டாள். பிறகு அங்கே சண்டை வந்தது. அவள் போன் அணைந்தே கிடந்தது. நானும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்தேன், ஒற்றை டிக் விழுந்துகொண்டே இருந்தது.

பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் குரல் வந்தது. வேலை பார்த்த ஆஸ்பத்திரி மூடிவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகளோடு, மேற்கே அம்மாவின் ஊருக்கு ஓடி வந்திருக்கிறாள். மாவு தேடி வெளியே போன புருஷன் திரும்பவில்லை. சந்தைக்கு எப்போதாவது வரும் தானியமும் வாங்கும் விலையில் இல்லை. கடலையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சுகிறதே, அதை ஊறவைத்து வேகவைத்துத் தின்கிறார்கள். கடைசியில் கேட்டாள்: "அதைத் தின்றால் சின்னவளுக்கு வயிறு வலிக்கிறது. என்ன செய்யலாம்?"

பணம் கேட்கவில்லை. வயிற்றுவலிக்கு வைத்தியம் கேட்டாள். என்னைவிடக் கெட்டிக்கார நர்ஸ் அவள், அவளுக்குத் தெரியாததா? யாரிடமாவது கேட்கவேண்டும் போல இருந்திருக்கிறது.

அன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் உதவி கேட்டு எழுதினேன். கும்பிடும் கைகள் வந்தன, அழும் முகங்கள் வந்தன. என்னோடு நர்ஸிங் படித்த ஒருத்தி மட்டும் 'இனிய காலை வணக்கம்' என்று ரோஜாப்பூ அனுப்பினாள். பணம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எங்கள் குழுத் தலைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"சூடான்னா எங்க? துபாய்ப் பக்கமா?"

"அதுக்கும் அந்தாண்டக்கா. கடலத் தாண்டி."

"அங்க என்ன திங்கிறாங்களாம்?"

"புண்ணாக்கு."

அக்காவின் கை நின்றது. "மாட்டுக்கு ஊற வப்பமே, அதா?"

"ஆமாக்கா. கடலப் புண்ணாக்கு."

"பச்சப் புள்ளைங்களுமா?"

நான் தலையை ஆட்டினேன். வெற்றிலையை அப்படியே கீழே வைத்துவிட்டு, "கூட்டம் முடிஞ்சிது, எந்திரிங்க" என்று அவர் பாட்டுக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். சற்று நேரத்தில் என் வாசலில் அக்காவின் மொபெட் வந்து நின்றது. பின்னால் ஒரு மூட்டை நெல்.

"இத அந்தப் பொண்ணுக்கு அனுப்பிவுடு."

"அக்கா, நெல்ல எப்படிக்கா அனுப்புறது? பணமா குடுங்க."

"பணம் இருந்தா நான் ஏன் குழுவுல லோன் போடுறேன்? நெல்லுதான் இருக்கு. நாகப்பட்டினத்துலேருந்து கப்பல் போவாதா?"

அதற்குள் இன்னொருத்தி உளுந்தோடு வந்தாள். அடுத்தவள் பூசணிக்காயோடு. புண்ணாக்கு என்ற ஒரு வார்த்தை தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் நெல் வந்தது. தேங்காய் வந்தது. கோழி வந்தது. யாரோ கல்யாணத்தில் வந்து பிரிக்காமலே வைத்திருந்த சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தார்கள். "பசியில இருக்கவங்களுக்குக் கடிகாரம் எதுக்கு?" என்றேன். "சாப்பாட்டு நேரம் பாக்க வேணாமா?" என்றார்கள்.

கடைசியாகத் தெருக்கோடி வீட்டுக்காரர் ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். ஊரில் அந்த ஆட்டைத் தெரியாதவர் இல்லை. எல்லார் வீட்டுக் கொல்லையிலும் அது மேய்ந்திருக்கிறது. "தங்கமான ஆடு. எம்மனசு கேக்கல, குடுத்துட்டேன்" என்றார். அவர் வீட்டிலும் அதன் தொல்லை தாங்கவில்லை என்பது அவர் மனைவியின் முகத்தில் தெரிந்தது.

பம்புசெட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தபோது அவருக்கு உள்ளே நுழைய வழியில்லை. நெல் மூட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்று, "எங்க அனுப்பப் போற இதையெல்லாம்?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கொடியில் காய்ந்த அவருடைய வேட்டியின் பாதி ஆட்டின் வாய்க்குள் போயிருந்தது.

வழி சொன்னவர் அவருடைய பெரியப்பாதான். வருஷா வருஷம் கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் விடுகிறவர். "களத்துல வச்சு ஏலம் வுட்டுருவோம், பாப்பா. மைக் செட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார். பெரியப்பாவின் குரலுக்கு மைக் தேவையில்லை. ஆனால் மைக் இல்லாமல் அவர் வாயைத் திறப்பதில்லை.

அடுத்த ஞாயிறு களம் நிறையக் கூட்டம். பெரியப்பா பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? எல்லார் வீட்டுக் கூரையிலும் பூசணிக்காய் இருக்கிறது. எல்லார் வீட்டிலும் நெல் இருக்கிறது. ஊரில் எது மிஞ்சியதோ அதைத்தானே ஊரே கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. பெரியப்பா பூசணிக்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது என் போன் அடித்தது. அவள்தான். அங்கே ஒரு கடையில் இன்டர்நெட் கிடைக்கும்போது கூப்பிடுவாள். ஊரே உனக்காகக் கூடியிருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னேன். அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "அவர்களிடம் நான் பேசலாமா?" என்றாள். பெரியப்பா போனைப் பிடுங்கி மைக்கிடம் வைத்துவிட்டார்.

எங்கள் ஊருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அவள் தமிழில் பேச முடிவு செய்தாள். அவளுக்கு யார் தமிழ் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. ராத்திரிதோறும் அடுத்த கட்டிலில் உட்கார்ந்து நான் என் வீட்டுக்காரரோடு போனில் சண்டை போட்டதைக் கேட்டுக் கற்றதுதான்.

"யோவ்!" என்றாள், குரலில் அன்பு ததும்ப. "அறிவிருக்கா? எத்தன தடவ சொல்றது? சாப்பிட்டியா?"

மைக் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், பல வருஷப் பழக்கத்தில், அடங்கின குரலில், "சாப்பிட்டேன்" என்றார். அதுவும் மைக்கில் கேட்டது.

அப்புறம் எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "தப்பாகச் சொல்லிவிட்டேனா?" என்று அவள் பதறிக் கேட்டாள். "இல்லை, எல்லாம் சரியாகத்தான் சொன்னாய்" என்றேன். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. லைன் போய்விட்டது.

"புண்ணாக்கத் தின்னுட்டு நம்மளப் பாத்து சாப்பிட்டியான்னு கேக்குறா" என்றார் அக்கா, யாரையும் பார்க்காமல். பிறகு பெரியப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "அந்தப் பூசணிக்காய எங்கிட்ட குடுங்க." அவர் வீட்டுக் கூரையிலும் பூசணி காய்த்துக் கிடக்கிறது. அவர் சொன்ன விலைக்கு மன்னார்குடியில் ஒரு வண்டிப் பூசணி வாங்கலாம். அதற்கப்புறம் ஏலம் சூடு பிடித்துவிட்டது. தன் நெல்லைத் தானே விலை கொடுத்து எடுத்தவர்கள், அடுத்த வீட்டுக்காரி எடுத்துவிடக் கூடாது என்று கோழிக்கு விலையேற்றியவர்கள் என்று பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடிகாரத்தை, அதைக் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தவரே அடையாளம் கண்டு வாங்கினார்.

ஆட்டுக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள். மன்னார்குடியிலிருந்து வந்திருந்த கறிக்கடைக்காரர் மட்டும் முன்னால் வந்து, அதன் தொடையை அழுத்திப் பார்த்து ஒரு விலை சொன்னார். பெரியப்பா, "ஒரு தரம்" என்றார். ஆடு தெருக்கோடி வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. "ரெண்டு தரம்."

"நிறுத்துங்க!" என்று அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து விலையை ஏற்றினார். கறிக்கடைக்காரர் மேலே ஏற்றினார். இவர் அதற்கும் மேலே. கறிக்கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆடு தனக்கு இல்லை என்று தெரிந்தும், நல்ல காரியத்துக்குத்தானே என்று இன்னும் இரண்டு முறை ஏற்றிவிட்டுத்தான் விலகினார். தானமாகக் கொடுத்த ஆட்டைச் சந்தை விலைக்கும் மேலே வாங்கி, தெருக்கோடி வீட்டுக்காரர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே அவர் மனைவி பேசிக்கொண்டு போன பேச்சை இங்கே எழுத முடியாது.

என் சூடான் சிநேகிதியின் அண்ணன் ஒருவர் சவுதியில் லாரி ஓட்டுகிறார். பணத்தை அவருக்கு அனுப்பினேன். அவர் அவள் இருந்த ஊர் வியாபாரி ஒருவர் மூலம் அவளிடம் சேர்ப்பித்தார். முதலில் சோள மாவு வாங்கினாள். பிள்ளைகளுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் எல்லைக்குப் போகும் லாரியில் இடம் பிடித்தாள். மருமகன் வந்தால் வீட்டில் ஆள் இருக்கவேண்டுமே என்று அவள் அம்மா வர மறுத்திருக்கிறாள். தூக்கித்தான் ஏற்றினார்களாம். சாட் நாட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே முகாமில் ஒரு கூடாரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. புருஷனைப் பற்றி இதுவரை தகவல் இல்லை. அவளாகச் சொன்னாலொழிய நான் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு குரல் பதிவு அனுப்பினாள். எடுத்த எடுப்பில் சிரிப்பு. எதைக் கொடுத்தாலும் சத்தம் போடாமல் தின்றுகொண்டிருந்த சின்னவள், "தினமும் இதே பருப்பா?" என்று அன்று தட்டைத் தள்ளிவிட்டாளாம். பெரியவள் அவளை அடிக்கப்போக, பாட்டி நடுவில் புக, கூடாரமே ரகளையாம். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

குழுக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டி, தமிழில் சொன்னேன்.

"பருப்ப வேணாங்குதா? எங்க வீட்லயும் இன்னிக்கு அதே கததான்" என்றார் அக்கா. "சரி, லோன் பேச்சுக்கு வருவோம்."